இரண்டாயிரத்து ஐந்நூறாவது எழுத்து

ஸ்மிதா அழவில்லை. அதுதான் அனீஷுக்கு முதல் சந்தேகம்.

நாகர்கோவில் கோர்ட் ரோட்டில், ஒரு சிப்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்தது நாகம்மையின் துப்பறியும் அலுவலகம். படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கண்ணைத் துடைக்கத் தொடங்கிவிடுவார்கள். மீதிப் பேர், கீழே கொதிக்கிற எண்ணெயின் புகை பட்டுத் துடைப்பார்கள். இந்த நர்ஸ் இரண்டிலும் சேரவில்லை. கைப்பையை மடியில் நிறுத்தி வைத்துக்கொண்டு, பாடம் ஒப்பிப்பது போல ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கபிரியேல் என்றொரு மீனவர். வலையில் சிக்கிய திருக்கையைக் கழற்றும்போது அதன் வால்முள் காலில் ஏறிவிட்டது. கூட்டாளிகள் தூக்கிக்கொண்டு வந்து, ஸ்மிதா வேலை பார்க்கிற மூன்று மாடி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டியூட்டி டாக்டர் ரேஷ்மி பென்சிலின் ஊசி போட்டார். ஊசியை எடுப்பதற்குள் கபிரியேலுக்கு மூச்சு அடைத்தது. அன்றிலிருந்து ஐ.சி.யு.வில் மெஷின்தான் அவருக்காக மூச்சு விடுகிறது.

அதுவரைக்கும் விதி என்று விட்டுவிடலாம். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்பே கபிரியேல் அதே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். அன்றைக்குப் பென்சிலின் சோதனை ஊசிக்கே உடம்பு முழுக்கத் தடித்துப்போனது. இவருக்கு அந்த மருந்து ஆகாது என்று கம்ப்யூட்டரில் ஏற்றியவளே ஸ்மிதாதான். இப்போது கம்ப்யூட்டரில் அந்தக் குறிப்பு இல்லை. குறிப்பு மட்டுமல்ல, கபிரியேல் என்ற ஆள் முன்பு வந்ததற்கான பதிவே இல்லை. நர்ஸ் ஏற்றவே இல்லை என்று நிர்வாக அதிகாரி வைகுண்டராஜன் எழுதிக் கொடுத்துவிட்டார். ஸ்மிதாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி போலீசிலிருந்து போன் வந்துவிட்டது.

“நான் அடிச்சேன் அக்கா,” என்றாள் ஸ்மிதா. “பெரிய எழுத்துல அடிச்சேன். எனக்கு நல்ல ஓர்மை இருக்கு.”

அவள் படியிறங்கிப் போனதும் அனீஷ் தன் சந்தேகத்தைச் சொன்னான். மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்த மாதிரி இருக்கிறது, உண்மை இவ்வளவு கோர்வையாக வராது என்றான். ஒரே விஷயத்தை ஏழு பேரிடம் சொல்லி ஏழு பேரும் நம்பவில்லை என்றால் உனக்கும் மனப்பாடமாகும் என்று சொல்லிவிட்டு நாகம்மை குடையை எடுத்தாள்.

நாகம்மைக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிக்கிற வேலையில் இருபது வருடம் இருந்துவிட்டு, அந்த மூக்கை மட்டும் கையோடு கொண்டுவந்து தனிக்கடை போட்டவள். அனீஷ் களியக்காவிளைக்காரன். சவூதியில் தம்மாமில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்த்தவன். கம்பெனி மூடிக்கொண்டதால் ஊருக்குத் திரும்பி, நாகம்மையின் பழைய மாருதிக்கு டிரைவராகவும் அவளுடைய விசாரணைகளுக்கு உதவியாளனாகவும் இருந்தான். இரண்டுக்கும் நடுவில் வாயை மூடாதவனாகவும் இருந்தான்.

மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தும்போதே அனீஷ் ஆளாளுக்கு ஒரு குற்றத்தைப் பங்கு வைத்துவிட்டான். நர்ஸ் அடித்திருக்க மாட்டாள். அல்லது அடித்ததை டாக்டர் அழித்திருப்பார். அல்லது கபிரியேலுக்கு வேண்டாதவன் எவனோ ஆஸ்பத்திரியில் ஆள் வைத்திருக்கிறான்.

“அல்லாட்டி அந்தத் திருக்கை கூலிக்கு வந்ததா இருக்கும்,” என்றாள் நாகம்மை.

வைகுண்டராஜன் இஸ்திரி கலையாத சட்டையும் அமைதியான குரலுமாக இருந்தார். மறைக்க ஒன்றுமில்லை என்று அவரே கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். மூன்று மாதத்துக்கு முன்புதான் பழைய சாஃப்ட்வேரை மாற்றிப் புதியதைப் போட்டார்களாம். பெரிய விழாவாகத் திறப்பு நடந்ததாம். பழைய நோயாளிகளின் விவரம் முழுவதும், ஒன்றுகூட விடாமல், புதியதில் ஏற்றியாகிவிட்டதாம். கபிரியேல் என்று அடித்துக் காட்டினார். ஊசி போட்ட அன்றைக்குத் திறந்த புதுப் பதிவு மட்டும் வந்தது. பழையது எதுவும் இல்லை.

“அடிச்சிருந்தா இருக்கும்லா,” என்றார். “அந்தப் பிள்ளை மேல எனக்குக் கோவம் ஒண்ணுமில்ல. மறந்திருக்கும்.”

நாகம்மை அதைக் கேட்டுக்கொண்டு, கழிப்பறை எங்கே என்று விசாரித்தாள். அது அவளுடைய பழைய வித்தை. எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பாள். வழி காட்ட வருகிறவர்கள் போகும்போது பேசமாட்டார்கள், திரும்பும்போது நிறுத்தமாட்டார்கள் என்பது அவள் கணக்கு. இந்தத் தடவை வழி காட்ட வந்தவள் வார்டு ஆயா தங்கபாய். திரும்பி வந்தபோது நாகம்மையின் முகம் மாறியிருந்தது.

அனீஷை வராந்தாவின் கோடிக்கு இழுத்துப்போய்ச் சொன்னாள். காணாமல் போனது கபிரியேல் மட்டுமல்ல. டயாலிசிசுக்கு வருகிற மரியஜானின் பழைய பதிவைக் காணவில்லை. பத்து வருடமாகச் சர்க்கரைக்கு வருகிற ஒரு வாத்தியாரைக் காணவில்லை. மூன்று தடவை வயிற்றைத் திறந்து மூடிய ஒரு அம்மாவைக் காணவில்லை. இன்னும் சில பேர். எல்லோரையும் சத்தமில்லாமல் புது நோயாளி என்று மறுபடி பதிந்திருக்கிறார்கள்.

அனீஷ் யோசித்தான். “சளி, தும்மல்னு வந்தவன் ஒருத்தன்கூட காணாமப் போகல்லியே அக்கா. கள்ளன் கொள்ளாம், கெட்டிக்காரன். பழகின சீக்காளியா பாத்துப் பொறுக்கி எடுத்திருக்கான்.”

சொல்லும்போது சிரிப்பாக இருந்தது. சொன்ன பிறகு அவனுக்கே சிரிப்பு போய்விட்டது. ஆஸ்பத்திரியின் மிகப் பெரிய நோயாளிகளை மட்டும் ஒருவன் துடைத்தெடுக்கிறான் என்றால் எதற்காக?

ஐ.சி.யு. வாசலில் கபிரியேலின் மனைவி குளோரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மீன் விற்கப்போன இடத்திலிருந்து அப்படியே ஓடிவந்தவள், ஐந்து நாளாக வீட்டுக்குப் போகவில்லை. கூட இருந்திருந்தால் தடித்துப்போன கதையை டாக்டரிடம் சொல்லியிருப்பேன் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவருக்கு அடிக்கடி உடம்புக்கு வருமா என்று நாகம்மை கேட்டாள்.

“அவருக்கு ஆஸ்பத்திரின்னா பேடி, பயந்து ஓடுவாரு,” என்றாள் குளோரி. “கையில தூண்டில் கொளுத்து, அந்த முள்ளு, ஏறினப்பம் ஒருக்கா வந்தாரு. அதோட இப்பம்தான்.”

உள்ளேயிருந்து டாக்டர் ரேஷ்மி வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. தலை வாரவில்லை, கோட்டின் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. அவர் வைகுண்டராஜனின் மகள் என்பதைத் தங்கபாய் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். கம்ப்யூட்டரைப் பார்த்தீர்களா என்று நாகம்மை கேட்டதும், பார்த்தேன், ஒன்றுமே இல்லை என்று சட்டென்று பதில் வந்தது. ஊசிக்கு முன்னாலா பின்னாலா என்று அடுத்த கேள்வி போனது.

ரேஷ்மி மாறிப் போட்டிருந்த பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டார்.

“பொறகுதான். மறுநாள் காலம்பற,” என்றார். “முன்னாடி பாத்திருந்தாலும் இருந்திருக்காதுல்லா.”

அந்தக் கடைசி வார்த்தையை அவர் நாகம்மைக்குச் சொன்ன மாதிரி இல்லை.

காரில் ஏறியதும், பூனை பாலைக் குடிக்கவில்லை என்று யார் சத்தியம் பண்ணினார்களோ அவர்களைப் பிடிக்கலாம் என்று அனீஷ் சொன்னான். அப்பாவும் மகளும் ஒரே ஆஸ்பத்திரியில். அப்பா கையில் கம்ப்யூட்டர், மகள் கையில் ஊசி. இதற்கு மேல் என்ன வேண்டும் என்றான். அப்படியானால் மரியஜானையும் வாத்தியாரையும் எதற்கு அழித்தார்கள் என்று நாகம்மை திருப்பிக் கேட்டாள். அனீஷ் சாவியைத் திருகினான்.

“களியக்காவிளைக்கு விடு,” என்றாள். “பழசைப் புதுசுல ஏத்தினவன் அங்கதான் இருக்கானாம். ஆன்ட்ரூஸ்னு பேரு.”

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கோழிக்கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவில் ஆன்ட்ரூசின் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து எட்டிப் பார்த்தவர்களிடம், இன்றைக்குக் கடை இல்லை, மெஷின் எல்லாம் ரிப்பேர், கரண்டும் இல்லை என்று மூன்று காரணம் சொன்னான். ஒரு காரணம் சொல்லியிருந்தால் அனீஷ் நம்பியிருப்பான். நாலு எட்டு நடந்தால் கேரளா, இவன் எந்த நேரத்திலும் நழுவிவிடுவான் என்று தோன்றியதால் ஷட்டருக்கு நேராகக் காலை அகட்டி நின்றுகொண்டான்.

நாகம்மை கழிப்பறை எங்கே என்று கேட்டாள்.

வயதான பெண்ணிடம் இல்லையென்று சொல்ல ஆன்ட்ரூசால் முடியவில்லை. அவள் பின்னறைக்குள் போனாள். அங்கேயிருந்து குரல் மட்டும் வந்தது.

“ஏலே அனீஷ், இங்க வந்து பாரு. கரண்டு இல்லாம கம்ப்யூட்டர் ஓடுது.”

ஆன்ட்ரூஸ் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். அதன்பிறகு எதையும் பிடுங்க வேண்டியிருக்கவில்லை. கபிரியேலின் செய்தியைப் பேப்பரில் பார்த்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லையாம். அந்த ஆள் செத்தால் தானும் ஜெயிலுக்குப் போக வேண்டியதுதான் என்று அவனே தீர்ப்பு எழுதி வைத்திருந்தான்.

நடந்தது இது. பழைய கம்ப்யூட்டரிலிருந்த விவரம் எல்லாம் ஒரே பெரிய ஃபைலாக வந்தது. உள்ளே முழுவதும் எஸ்.க்யூ.எல். கட்டளைகள். ஒரு நோயாளிக்கு ஒரு வரி. இந்தப் பெயர், இந்த வயசு, இந்த ஊர், இன்ன வியாதி, இவரை உள்ளே சேர்த்துக்கொள் என்று ஒவ்வொரு வரியும் புது சாஃப்ட்வேருக்கு உத்தரவு போடும். ஒரு கறுப்புத் திரையைத் திறந்து அந்த ஃபைலை ஓட்டிவிட்டால் போதும். திறப்புவிழாவுக்கு முந்தின நாள் அவன் அதை ஓட்டினான். திரையில் எழுத்து ஓடிக்கொண்டே இருந்தால் வேலை மெதுவாகும் என்று காட்சியை அணைத்து வைத்தான். முடிந்ததும், எல்லாம் ஏறிவிட்டது என்று சொல்லிவிட்டான்.

இரண்டு வாரம் கழித்து மரியஜான் ஆஸ்பத்திரியில் சண்டை போட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. உடனே வைகுண்டராஜனுக்குப் போன் பண்ணினான்.

“சில பேரு விட்டுப் போச்சு சார், நான் வந்து சரி பண்ணித் தாறேன்னு சொன்னேன்,” என்றான் ஆன்ட்ரூஸ். “வாண்டாம், வாய மூடிட்டு இருன்னு சொன்னாவ. ஆஸ்பத்திரி ஓனர் பெரிய டாக்டருக்குத் தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் சொள்ளையாம், வம்பாயிருமாம். வாறவங்களை வாற முறைக்குப் புதுசா பதிஞ்சுக்கிடுவோம்னு பறஞ்சாவ.”

அப்படியானால் காலையில், ஒன்றுகூட விடாமல் ஏற்றினோம் என்று வைகுண்டராஜன் சொன்னது தெரிந்தே சொன்ன பொய். அனீஷ் நாகம்மையைப் பார்த்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு மேலே சொல் என்பது போலக் கையை அசைத்தாள்.

ஏன் விட்டுப்போனது என்று ஆன்ட்ரூசுக்கு அன்றைக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. அனீஷ் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். விவரம் சேர்க்க அந்தக் கம்ப்யூட்டரிலேயே ஒரு காலிக் கிடங்கை உண்டாக்கி, ஆன்ட்ரூசிடம் மிச்சமிருந்த அதே ஃபைலை அதே மாதிரி மறுபடி ஓட்டச் சொன்னான். இந்தத் தடவை காட்சியை அணைக்காமல்.

வரிகள் ஓடின. ஒரு வரி சேர்ந்தது, ஒரு வரி சேர்ந்தது என்று திரை சொல்லிக்கொண்டே போனது. திடீரென்று நடுவில் வேறொரு வாசகம் தலைகாட்டி மேலே ஓடி மறைந்தது. ஓடி முடிந்ததும் அனீஷ் மேலே நகர்த்திப் படித்தான். பிறகு தொடையைத் தட்டிக்கொண்டான். தம்மாமில் இதே வாசகம் அவனை ஒரு ரம்ஜான் மாதம் முழுக்க அழவைத்திருக்கிறது.

“வரி நீளம் கூடிப்போச்சு, தள்ளிவிடுகேன்னு சொல்லுது அக்கா,” என்றான்.

நாகம்மைக்குப் புரியவில்லை. வெளியே சோதனைச்சாவடியில் நிற்கிற லாரிகளை அவன் காட்டினான். செக்போஸ்டில் லாரிக்கு ஒரு நீளம் வைத்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் நீண்டால் கேட் திறக்காது, உள்ளே தங்கமா தவிடா என்று பார்க்கமாட்டான். இந்தக் கறுப்புத் திரையும் அப்படித்தான். ஒரு வரியில் இரண்டாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது எழுத்து வரைக்கும் விடும். இரண்டாயிரத்து ஐந்நூறாவது எழுத்து வந்துவிட்டால் அந்த வரியையே வாங்காது. நிற்கவும் செய்யாது, சண்டை போடவும் செய்யாது, அடுத்த வரிக்குப் போய்விடும். காட்சியை அணைத்துவிட்டால் அது முனகுவதுகூட யாருக்கும் கேட்காது.

சும்மா தும்மிக்கொண்டு வந்தவனுக்கு ஒரு சின்ன வரி. பத்து வருடம் ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தவனுக்கு நீளமான வரி. அதனால்தான் பெரிய சீக்காளிகள் மட்டும் காணாமல் போனார்கள். பொறுக்கி எடுத்தது கள்ளனல்ல, கேட்.

“இனி சரக்கை எப்படிடே கொண்டு போவே?” என்று நாகம்மை கேட்டாள்.

அனீஷ் விரல்களை நீட்டி மடக்கிச் சொடுக்கினான். கட்டளை ஒரே வரியில் இருக்க வேண்டும் என்று எவனும் சொல்லவில்லை, எத்தனை வரியில் வேண்டுமானாலும் உடைத்து எழுதலாம், கடைசியில் முற்றுப்புள்ளிபோல வைக்கிற அந்தக் குறி வரும்வரை அது காத்திருக்கும் என்றான். பெயருக்குப் பிறகு ஒரு காற்புள்ளி, வயசுக்குப் பிறகு ஒன்று, ஊருக்குப் பிறகு ஒன்று. அந்தக் காற்புள்ளிகளில் வரியை உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளினான். அத்தனை வரிகளையும் கையால் உடைக்கவில்லை. உடைக்கிறதற்கு ஒரு குட்டி நிரலை எழுதி ஏவிவிட்டான். மேற்கோள் குறிக்குள் வருகிற காற்புள்ளியைத் தொடாதே என்று அதற்குப் புத்தியும் சொன்னான். அங்கே உடைத்தால், வைத்தியக் குறிப்பின் நடுவிலேயே முறிவு விழுந்து, அது அப்படியே உள்ளே ஏறிவிடும்.

வேறொரு காலிக் கிடங்கில் மறுபடி ஓட்டினார்கள். வாத்தியார் உள்ளே போனார். வயிற்றைத் திறந்து மூடிய அம்மா உள்ளே போனார். மரியஜான் மட்டும் வாசலிலேயே நின்றார். அவருடைய டயாலிசிஸ் குறிப்பு மட்டுமே ஒரு லாரி அளவுக்கு மேல் இருந்தது. நடுவில் காற்புள்ளி எதையும் நம்பி உடைக்க முடியாது. அனீஷ் அந்தக் குறிப்பை இரண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி மேற்கோள் குறி போட்டு, நடுவில் இரண்டு நெட்டைக் கோடு போட்டான். இரண்டையும் சேர்த்து ஒட்டிக்கொள் என்று அதற்கு அர்த்தம். மரியஜானும் உள்ளே போனார்.

ஆன்ட்ரூஸ் எழுந்து போய் மூன்று சாயா சொல்லிவிட்டு வந்தான். அனீஷ் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். கேஸ் முடிந்தது, கள்ளன் யாருமில்லை, நர்சும் பொய் சொல்லவில்லை, மெஷின் தின்றதற்கு மெஷினைத்தான் கைது பண்ண வேண்டும், அதற்கு விலங்கு மாட்ட மணிக்கட்டு இல்லை என்று வரிசையாக அடுக்கினான்.

நாகம்மை சாயாவைத் தொடவில்லை.

“கபிரியேலுக்க வரியைக் காட்டு மக்கா.”

அவன் தேடி எடுத்தான். திரையில் வந்ததைப் பார்த்தபோது அவனுடைய வாய் அதுவாகவே மூடிக்கொண்டது. பெயர், வயசு, மணவாளக்குறிச்சி, கையில் தூண்டில் முள் ஏறியது, தையல் போட்டது, பிறகு பெரிய எழுத்தில் பென்சிலின் ஆகாது என்ற குறிப்பு. அவ்வளவுதான். பேருந்து டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். ஸ்மிதா சொன்னது சொன்னபடி இருந்தது.

ஜென்மத்தில் ஒருதடவை மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போன மனுஷனுடைய வரி எப்படி நீளும்?

நாகம்மை இன்னொன்றையும் பார்க்கச் சொன்னாள். வரியை உடைக்காமல் பழைய மாதிரி ஓட்டினார்களே, அப்போது கபிரியேல் உள்ளே போனாரா இல்லையா? அனீஷ் அந்த முதல் கிடங்கைத் திறந்து தேடினான். கபிரியேல் இருந்தார். ஒரு முனகலும் இல்லாமல் முதல் தடவையே உள்ளே போயிருந்தார். அப்படியானால் திறப்புவிழாவன்று ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரிலும் இருந்திருக்கிறார். கபிரியேலை மெஷின் தின்னவில்லை. பிறகு ஒரு கை எடுத்திருக்கிறது.

அனீஷின் பார்வை தன்னால் ஆன்ட்ரூஸ் பக்கம் திரும்பியது. பழைய பதிவை அடியோடு அழிக்கிற பாஸ்வேர்டு யாரிடம் உண்டு என்று கேட்டான். தன்னிடமும் வைகுண்டராஜனிடமும் மட்டும் என்று ஆன்ட்ரூஸ் மறைக்காமல் சொன்னான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்கு வெளித்தொடர்பு இல்லை, நேரில் போனால்தான் தொட முடியும், வரவே கூடாது என்று சொன்ன பிறகு அவன் அந்தப் பக்கமே போகவில்லை. வாசல் காவலாளியைக் கேட்டுக்கொள்ளலாம் என்றான்.

“விட்டுப் போச்சுன்னு சொன்னியே, நீளமான வரிதான் போச்சுன்னு சொன்னியா?” என்று நாகம்மை கேட்டாள்.

“எனக்கே இன்னைக்குத்தானே தெரியும் அக்கா.”

நாகம்மை எழுந்தாள். மரியஜானின் வரியையும் கபிரியேலின் வரியையும் தனித்தனித் தாளில் அச்செடுத்து, சரி பண்ணிய ஃபைலை ஒரு சி.டி.யில் போடச் சொன்னாள். காரில் அனீஷ் ஏதேதோ கேட்டுப் பார்த்தான். ஒரு கூட்டம் காணாமல் போனதைத் தெரிந்துகொண்டு ஒருவன் அந்தக் கூட்டத்துக்குள் இன்னொருவனை ஒளித்திருக்கிறான், ஆனால் அந்தக் கூட்டம் எப்படிப்பட்ட கூட்டம் என்று அவனுக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது இருட்டத் தொடங்கவில்லை. வைகுண்டராஜன் தன் அறையில் இருந்தார். நாகம்மை எதிரே உட்கார்ந்து, அலுத்துப்போனவள் மாதிரி, கடைசியில் இவ்வளவுதான் சார் என்று தொடங்கினாள். களியக்காவிளையில் விசாரித்தாகிவிட்டது. விவரங்களை மாற்றும்போது மெஷின் சில பேரை விட்டுவிட்டதாம். மரியஜான், வாத்தியார் என்று கொஞ்சம் பேர். யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை.

வைகுண்டராஜனின் தோள் இறங்கியது. ஐந்து நாளாக அதைத் தூக்கிப் பிடித்திருந்தார் என்பது அது இறங்கியபோதுதான் அனீஷுக்குத் தெரிந்தது. விழா சமயத்தில் பெரிய டாக்டரின் மனசு சங்கடப்படக் கூடாது என்றுதான் அதை வெளியில் சொல்லவில்லை என்று ஒத்துக்கொண்டார். ஸ்மிதா பாவம் என்றார். போலீசில் தானே பேசுவதாகவும் சொன்னார். அந்தக் குரலில் உண்மையான இரக்கம் இருந்ததுதான் அனீஷுக்கு இன்னும் பயமாக இருந்தது.

“அப்பம் கபிரியேலும் அந்தக் கூட்டத்துல போனதுதான்?” என்று நாகம்மை கேட்டாள்.

“பின்னே என்ன. மெஷினுக்குக் கண்ணா மூக்கா. கையில கெடச்சதை விட்டிருக்கும்.”

நாகம்மை முதல் தாளை மேஜையில் வைத்தாள். மரியஜானின் வரி, தாள் கொள்ளாமல் மேலிருந்து கீழ்வரை அடைத்துக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் இரண்டாவது தாளை வைத்தாள். மேலே இரண்டு விரல்கடை எழுத்து. மிச்சம் வெள்ளை.

“மெஷினுக்குக் கண்ணு உண்டு சார்,” என்றாள். “நீளமானதை மட்டும்தான் விடும். இது குட்டி. இது மொதல் நாளே உள்ள போயாச்சு. அழிக்கிற பாஸ்வேர்டு ரெண்டு பேருக்கிட்டதான் உண்டு. மத்தவன் இஞ்ச கால் வெச்சு மூணு மாசமாச்சு, வாசல்ல கேட்டுட்டுத்தான் வாறேன்.”

அவர் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். எடுத்துக் கிழிப்பார் என்று அனீஷ் ஒரு அடி முன்னால் வந்தான். கிழிக்கவில்லை. கபிரியேலின் பெயர்மேல் விரலை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

கதவு தட்டாமல் திறந்தது. ரேஷ்மி. முகத்தில் ஐந்து நாளில் முதல்தடவையாக ஒரு வெளிச்சம் இருந்தது. கபிரியேலுக்குக் குழாயை எடுத்தாகிவிட்டது, தானாக மூச்சு விடுகிறார், தண்ணீர் கேட்டார் என்று சொல்லத்தான் அப்பாவிடம் ஓடி வந்திருந்தார். பாதி சொல்லும்போதே மேஜைமேல் இருந்த தாளில் அவர் கண் விழுந்தது. வந்து எடுத்துப் படித்தார். அது எவ்வளவு சின்னது என்பதால் படித்து முடிக்க நேரமாகவில்லை.

“ரெக்கார்டு இருந்துதா அப்பா?”

வைகுண்டராஜன் தலை நிமிரவில்லை. அன்றைக்குக் கபிரியேலை மூச்சு முட்ட முட்டத் தூக்கிக்கொண்டு ஓடினபோது, நான் போய்க் கம்ப்யூட்டரைப் பார்த்தேன், குறிப்பு இருந்தது, நீ பார்க்கவில்லை என்று நாளைக்கு எவனும் உன்னை நோக்கி விரல் நீட்டக் கூடாது என்று நினைத்து அழித்தேன் என்றார். பிறகு, நீ படிக்கிறதுக்கு நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

“எனக்குத் தூக்கம் வந்ததே, முன்னாடி பாத்திருந்தாலும் இருந்திருக்காதுன்னு நெனச்சுத்தான் அப்பா,” என்றார் ரேஷ்மி. கத்தவில்லை. “அந்த ஒண்ணுதான் எனக்கு இருந்தது.”

இவள் அப்பாவோடு சேர்ந்து நடிக்கிறாளோ என்று அதுவரை ஒரு மூலையில் அனீஷ் வைத்திருந்த சந்தேகம் அந்த இடத்தில் செத்துப்போனது.

ரேஷ்மி முகத்தைத் துடைத்துக்கொண்டு நாகம்மையிடம் திரும்பினார். மற்ற நோயாளிகளின் விவரம் கையில் இருக்கிறதா என்று கேட்டார். சி.டி. இருக்கிறது என்றதும், மற்றதெல்லாம் பிறகு, முதலில் அதை ஏற்றுங்கள், இன்றைக்கு ராத்திரிகூட யாராவது ஒருத்தர் வரலாம் என்றார். அப்பாவைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினார். வைகுண்டராஜன் ஒரு துண்டுச்சீட்டில் பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்தார்.

விட்டுப்போனவர்களை மட்டும் பிரித்து அனீஷ் ஏற்றினான். காட்சியை அணைக்கவில்லை. ஒவ்வொரு வரியும் சேர்ந்தது என்று திரை சொல்லச் சொல்ல, பின்னால் நின்ற ரேஷ்மி ஒவ்வொரு பெயரையும் வாய்க்குள் படித்தார். கபிரியேலை அவன் கடைசியில் சேர்த்தான்.

முடிந்ததும் ரேஷ்மி ஸ்மிதாவுக்குப் போன் பண்ணினார். என்ன பேசினார் என்பது கேட்கவில்லை, அறைக்கு வெளியே போய்ப் பேசினார். திரும்பி வந்தபோது கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்திருந்தார். அப்பா எழுந்து கூடவே வந்தார். நீங்கள் பெரிய டாக்டரிடம் போய் நீங்கள் செய்ததைச் சொல்லுங்கள், நான் செய்யாமல் விட்டதை நான் சொல்லிக்கொள்கிறேன் என்று அவரை அங்கேயே நிறுத்தினார். பிறகு நாகம்மையிடம் கேட்டார்.

“ஸ்டேஷனுக்கு நீங்கோ கூட வருவியளா? எனக்கு அங்க யாரையும் தெரியாது.”

நாகம்மை குடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்தாள்.

அனீஷ் வண்டியை எடுத்தான். பேசுவதற்கு நாலைந்து விஷயம் நாக்கு நுனிவரை வந்தது. ஒன்றும் அந்த நேரத்துக்கு ஒட்டவில்லை. மழை வலுத்து, கண்ணாடியில் ரோடு அழிந்து அழிந்து தெரிந்தது. கடைசியில், மழை பலமாக இருக்கிறது, மெதுவாகப் போகிறேன் டாக்டர் என்று மட்டும் சொன்னான்.

“வேண்டாம்,” என்றார் பின்சீட்டிலிருந்து ரேஷ்மி. “வேகமாவே போங்கோ. வழியில எனக்கு மனசு மாறிடப்பிடாது.”